கடாரத்தின் இலையுதிர்காலம்

தைப்பூசக் காவடிகள் இறங்கிச் சில நாட்கள் செல்வதற்குள் கெடா மாநிலத்துப் பால்மரத் தோப்புகள் நிறம் மாறத் தொடங்கிவிடும். மாதக்கணக்கில் ஒரே பச்சையாய் நின்ற இலைகள் முதலில் மஞ்சளாகும், பின்னர்ச் செம்மஞ்சளாகும், சில மரங்களில் செப்புச் சிவப்பும் ஏறும். ஓரிரு வாரங்களில் அவை உதிர்ந்துவிட, குருண், பீடோங் சாலைகளில் செல்வோர்க்கு, மற்ற நாட்களில் தோப்பு மறைத்திருந்த ஜெராய் மலை வெறுங்கிளைகளின் ஊடே முழுவதுமாகத் தெரியும். நிரைகளுக்கிடையே சருகு குவிந்து கிடக்கும். நடப்பவரின் காலடியோசை, ஆளைக் காணுமுன்னரே காதில் விழும்.

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அவ்வாறனுள் இலையுதிர்வால் பெயர்பெற்ற பொழுது ஒன்றில்லை. இலையுதிர்காலம் என்பது மேலைநாட்டுப் பருவமொன்றைக் குறிக்கப் பிற்காலத்தார் ஆக்கிக்கொண்ட சொல். பாடநூல்களில் அச்சொல்லுக்கு எதிரே மேப்பிள் மரத்தின் படத்தை அச்சிடுவது வழக்கம். தோட்டப்புறத் தமிழ்ப் பள்ளிகளில் அப்படத்தைக் காட்டிப் பாடம் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே, பலகணிக்கு வெளியே ஓர் உண்மையான இலையுதிர்காலம் நடந்துகொண்டிருந்தது. அதனைப் பாடமாக்கத் தோன்றியவர் சிலரே.

தோட்டத்து மக்கள் அதனை 'இலை கொட்டும் காலம்' என்று சுருக்கமாகச் சொல்லினர். வெள்ளைத் துரைமார் 'விண்டரிங்' என்றனர். பனியென்பதையே அறியாத மண்ணில் குளிர்காலத்தின் பெயரை ஒரு மரத்தின் செயலுக்கு இட்டது விந்தைதான். ஆயினும் அப்பெயரே உலகெங்கும் ரப்பர் ஆய்வாளரிடையே நிலைத்துவிட்டது.

இம்மரம் இந்நாட்டுக்கு உரியதன்று. அமேசான் காடுகளே இதன் தாயகம். 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசிலின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளைத் திரட்டி இலண்டனை அடுத்த கியூ தாவரப் பூங்காவுக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. நாற்றுகளிற் பெரும்பகுதி அவ்வாண்டிலேயே இலங்கைக்குச் சென்றது. 1877இல் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பெற்றன. 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பிலிருந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பட்டையைச் சிறுகச் சீவிப் பாலெடுக்கும் முறையைக் கண்டறிந்த பின்னரே இது தோட்டப் பயிராயிற்று.

கெடாவின் நிலை சற்று வேறு. சயாமின் மேலாதிக்கத்திலிருந்த அம்மாநிலம் 1909ஆம் ஆண்டு ஆங்கிலோ-சயாம் உடன்படிக்கையால் பிரிட்டிஷாரின் செல்வாக்குக்கு உட்பட்டது. அதன் பின் கூலிம், பாடாங் செராய், சுங்கைப்பட்டாணி, பீடோங், குருண் வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. பினாங்குத் துறைமுகத்தில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் கங்காணிமார் பின்னே அத்தோட்டங்களை நிரப்பினர். இந்திய அரசு 1938இல் உடலுழைப்புத் தொழிலாளரின் பயணத்துக்குத் தடை விதிக்கும் வரை அவ்வரவு தொடர்ந்தது.

அங்கே வந்தவர் கண்டது, தெற்கேயுள்ள தோட்டங்களில் காணாத ஒரு காட்சி. நவம்பர் முதல் மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையில் பெருமழையைப் பெய்துவிட்டு, தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்கையில் வறண்டுபோகிறது. அதனால் கெடாவிலும் பெர்லிஸிலும் சனவரி, பிப்ரவரி மாதங்கள் தெளிவான வறட்சிக் காலமாக அமைகின்றன. அந்த வறட்சியில் பால்மரம் ஒருங்கே இலையுதிர்க்கிறது. ஜொகூர் போன்ற தென்மாநிலங்களில் மழை ஆண்டு முழுவதும் பரவலாகப் பெய்வதால் உதிர்வு அத்துணை ஒழுங்காக நிகழ்வதில்லை. ஒரு மரம் மொட்டையாக நிற்க, அடுத்த மரம் தழைத்து நிற்கும். கெடாவின் தோப்போ கட்டளைக்குக் கீழ்ப்படிந்த படைபோல் ஒரே காலத்தில் இலையை உதறும். இந்த ஒழுங்குதான் பின்னாளில் அறிவியலார்க்குப் பயன்பட்டது.

தோட்டத்தார் இதனைக் கவனித்ததற்குக் காரணம் அழகு அன்று, பால். மரம் இலை உதிர்க்கும்போது பால் குறையத் தொடங்கும். புதுத்தளிர் விடும்போது மிகக் குறையும். உதிர்வின்போதன்றித் தளிர்ப்பின்போதே கடுங்குறைவு ஏற்படுவதற்கு விளக்கம் எளிது. சேமித்த மாவுப்பொருளையெல்லாம் மரம் இலை கட்டுவதற்குச் செலவிடுகிறது. பாலுக்கு மிஞ்சுவது சொற்பம். கிடைக்கும் பாலும் நிலையாக நிற்பதில்லை. நிழலற்ற தோப்பில் வெயில் நேரே விழ, ஸ்டோருக்குச் சேருமுன் மங்கிலேயே பால் உறைந்துவிடும். சில தோட்டங்களில் இக்காலத்தில் வெட்டையே நிறுத்தி மரங்களுக்கு ஓய்வு கொடுத்தனர். சருகில் தீப்பிடிக்கும் என்ற அச்சமும் இருந்ததால், தீம்பாரில் பீடி பற்றவைப்பதற்குத் தடையும் காவலும் கூடின.

மரத்துக்கு ஓய்வு கிடைத்த மாதம் வெட்டுக்காரர்க்கு முடை மாதம். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, அதே நானூறு ஐந்நூறு மரத்தையும் சீவி, அதே தொலைவு வாளி சுமந்து வந்தாலும் நிறுவையில் பால் பாதியாகும். நிறுவைக்கேற்ற கூடுதல் கூலியும் அத்துடன் போகும். நெடுங்காலம் சனவரியில் தொடங்கிய பள்ளியாண்டின் செலவும், பொங்கல், தைப்பூசச் செலவும் முடிந்த கையோடு இம்முடை வந்து சேரும். கடைக்காரரின் பற்றுப் புத்தகம் மாசி, பங்குனியில் தடித்ததற்கு மரத்தின் உச்சியில் நிகழ்ந்த மாற்றமே காரணம். ஆகவே வெட்டுக்காரர் இலையைப் பார்த்தே அடுத்த மாதத்துக் குடும்பக் கணக்கைப் போட்டனர் என்றால் அது மிகையாகாது.

இத்தகைய பார்வையை ஒரு துறையாக வளர்த்தவர் ஐரோப்பியர். இங்கிலாந்தின் நார்போக் பகுதியில் இராபர்ட் மார்ஷாம் என்னும் நிலக்கிழார் 1736 முதல் தம் தோட்டத்தில் எம்மரம் எந்நாளில் தளிர்த்தது, எப்பறவை எந்நாளில் வந்தது என்று எழுதத் தொடங்கினார். அவர் வழிவந்தோர் அதனை 1958 வரை தொடர்ந்தனர். சுவீடனில் லின்னேயஸ் 1750ஆம் ஆண்டளவில் பல ஊர்களில் ஆட்களை அமர்த்தி இலை விடுதல், பூத்தல், காய்த்தல், இலையுதிர்தல் ஆகிய நாட்களைக் குறிக்கச் செய்தார். ஜப்பானியரோ ஒன்பதாம் நூற்றாண்டு முதலே கியோத்தோ நகரத்துச் செர்ரி மரங்கள் மலரும் நாளை நாட்குறிப்புகளில் விட்டுச் சென்றுள்ளனர். 1849இல் பெல்ஜியத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் மோரன் இவ்வாய்வுக்குப் 'பினாலஜி' என்று பெயரிட்டார். பருவநிகழ்வியல் எனத் தமிழில் கூறலாம்.

இத்துறையின் அடிப்படை முறை மிக எளியது. குறிப்பிட்ட மரத்துக்கு எண்ணிட்டுக் குறிப்பிட்ட இடைவெளியில் தவறாமல் சென்று பார்த்து, எத்தனை பங்கு இலை நிறம் மாறியது, எத்தனை பங்கு விழுந்தது என்று எழுத வேண்டும். மரத்தடியில் வலைத் தொட்டிகளைக் கட்டி, விழும் சருகைத் திரட்டி, உலர்த்தி, நிறுத்துப் பார்ப்பது மற்றொரு முறை. இவற்றுக்கு வேண்டியது கருவியினும் பொறுமையே. தளிர்க்கும் நாளைக் குறிப்பது எளிது. உதிரும் நாளைக் குறிப்பது அரிது. மொட்டு ஒரு நாளில் விரிகிறது; உதிர்வோ வாரக்கணக்கில் இழுபடுகிறது. ஒரு காற்று, ஒரு மழை, ஒரு நோய் வந்தாலும் நாள் மாறிவிடும். அதனால்தான் உலகெங்கும் இளவேனிலைப் பற்றிய ஆய்வுகள் மிகுந்தும் இலையுதிர்வைப் பற்றியவை குறைந்தும் காணப்படுகின்றன.

வெப்ப மண்டலத்தில் இம்முறையைப் பொறுமையுடன் கையாண்டவருள் முதன்மையானவர் ஹோல்ட்டம். 1920களில் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவில் பணியேற்ற அவர், பூங்கா மரங்களைத் தனித்தனியே ஆண்டுக்கணக்கில் கவனித்து, அவற்றின் இலைமாற்றத்தைப் பற்றி 1931இலும் 1940இலும் கட்டுரைகள் வெளியிட்டார். பருவ வேறுபாடு மிகக் குறைந்த சிங்கப்பூரில் சில மரங்கள் பன்னிரு மாதக் கணக்கையே பின்பற்றாமல் தத்தமக்கெனத் தனி இடைவெளி வைத்துக்கொண்டு இலை மாற்றுவதை அவர் கண்டார். 1940இல் கார்னர் எழுதிய சாலையோர மரங்கள் பற்றிய நூலும் இவ்வகைக் குறிப்புகள் நிறைந்தது. சுங்கைப்பட்டாணி, அலோர் ஸ்டார் நகரங்களில் நிழலுக்காக நிற்கும் நாட்டுவாதுமை மரம், மலாய்க்காரர் கெத்தாப்பாங் என்பது, ஆண்டுக்கு இருமுறை இலை சிவந்து உதிர்ப்பதைப் பள்ளிப் பிள்ளையும் பார்க்கலாம். பிற்காலத்தில் மெட்வே பிரபு சிலாங்கூரின் உலு கோம்பாக் காட்டில் 1963 முதல் 1969 வரை 61 உயர்மரங்களைக் கவனித்து 1972இல் முடிவுகளை வெளியிட்டார். என்றும் பசுமையானது எனப்படும் காட்டுக்குள்ளும் பருவம் உண்டு என்பது இவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டது.

எனினும் பணமும் ஆளும் மிகுதியாகச் செலவிடப்பட்டது பால்மரத்தின் மீதே. 1925இல் சட்டமியற்றி நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக்கழகத்துக்கு இலையுதிர்வு ஒரு நடைமுறைச் சிக்கலாக வந்து நின்றது. சிக்கலின் பெயர் ஓய்டியம். இலைமீது வெண்சாம்பல் தூவியதுபோல் படரும் இப்பூஞ்சணம் 1918இல் ஜாவாவில் முதன்முதலாகப் பால்மரத்தில் காணப்பட்டது. பின்னர் இலங்கையையும் மலாயாவையும் தொட்டது. அது முற்றிய இலையை ஒன்றும் செய்யாது, இளந்தளிரையே தாக்கும். தாக்குண்ட தளிர் சுருங்கி உதிரும். மரம் மீண்டும் தளிர்க்கும், அத்தளிரும் உதிரும். இதனை 'இரண்டாம் உதிர்வு' என்றனர். கொலட்டோட்ரிக்கம் என்னும் மற்றொரு பூஞ்சணமும் ஈரக்காலத்தில் இதே வேலையைச் செய்தது. இலங்கையிலும் கேரளத்திலும் கந்தகப் பொடியைத் தோப்புகளில் தூவி ஓய்டியத்தை எதிர்த்தனர்.

இளந்தளிர் எத்தனை நாள் இளந்தளிராக இருக்கும் என்பது ஆகவே பெருங்கேள்வியாயிற்று. பால்மரத்தின் இலை மூன்று சிற்றிலைகளைக் கொண்டது. தளிர் முதலில் செம்பு நிறத்தில் தொங்கும். பின்னர் வெளிர்பச்சையாய்த் துவண்டு நிற்கும். இறுதியில் நிமிர்ந்து கரும்பச்சையாய்த் தடிக்கும். 1968இல் ஹாலே, மார்த்தன் என்னும் பிரெஞ்சு ஆய்வாளர் இவ்வளர்ச்சியை மொட்டு முதல் முதிர்வு வரை நான்கு நிலைகளாகப் பிரித்து எழுத்திட்டனர். இன்றுவரை ஆய்வாளர் தோப்பில் நின்று மரத்தைப் பார்த்துக் குறிப்பது அந்நான்கு எழுத்துகளைத்தான். தளிர் கடினமாகும் முன் மழையும் ஈரமும் வந்துவிட்டால் நோய் வெல்லும். கடினமான பின் வந்தால் மரம் வெல்லும். ஏப்ரலில் மழை பெருகும் கெடாவில் இப்பந்தயம் ஆண்டுதோறும் சில வாரங்களுக்குள் நடந்து முடிகிறது.

இதிலிருந்து ஒரு துணிச்சலான எண்ணம் பிறந்தது. பந்தயத்தில் மரம் தோற்பது அது தாமதமாகப் புறப்படுவதால் என்றால், அதனை முன்கூட்டியே புறப்படச் செய்தால் என்ன? ரப்பர் ஆய்வுக்கழகத்தின் நோயியலறிஞர் ஸ்ரீபதி ராவ் 1970களின் தொடக்கத்தில் இவ்வழியை ஆராய்ந்தார். இயற்கை உதிர்வுக்குச் சற்று முன்னரே இலையுதிர்க்கும் மருந்தைத் தெளித்து, வறட்சி நீடிக்கும்போதே மரத்தை மொட்டையாக்கிவிட்டால், புதுத்தளிர் வெயிற்காலத்திலேயே தளிர்த்து முற்றிவிடும். விமானத்திலிருந்தும் இம்மருந்து தெளிக்கப்பட்டது. முறை பயன் தந்தது. எனினும் பயன்பட்ட மருந்து ஆர்செனிக் சார்ந்தது என்பதை மறைப்பதற்கில்லை. மரத்தைப் பார்த்துப் பருவத்தை அறிந்த நிலை மாறி, பருவத்தையே மரத்துக்கு விதித்த நிலை இது. அறிவியலின் வெற்றியாக இதனைக் கொண்டாடுவோரும் உளர். தோப்பினடியில் வாழ்ந்தவரையும் சேர்த்து எண்ணினால் கொண்டாட்டம் சற்றுக் குறையவே செய்யும்.

தளிரின் பருவம் எத்துணைப் பெரிய செல்வத்தையும் கவிழ்க்கும் என்பதற்குப் பால்மரத்தின் தாயகமே சான்று. அமெரிக்க மோட்டார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1920களின் இறுதியில் தபஜோஸ் ஆற்றங்கரையில் பெருந்தோட்டம் அமைத்தார். விக்காம் விதை பொறுக்கிய அதே ஆற்றுப்பகுதி அது. தென்னமெரிக்க இலைக்கருகல் என்னும் பூஞ்சணநோய் அங்கே இளந்தளிர்களைத் தின்று தோட்டத்தையே அழித்தது. 1945இல் ஃபோர்டு நிறுவனம் அந்நிலத்தைப் பிரேசில் அரசிடம் ஒப்படைத்து வெளியேறியது. அந்நாட்டிலேயே தளிர்க்கும் காலம் நன்கு வறண்டிருக்கும் பகுதிகளில் மரங்கள் அந்நோய்க்குத் தப்புகின்றன. அந்நோய் ஆசியாவுக்கு இன்னும் வரவில்லை. வந்தால் எவ்வட்டாரம் தப்பும் என்று கணிக்க, ஒவ்வொரு வட்டாரத்திலும் இலை எப்போது உதிர்ந்து எப்போது தளிர்க்கிறது என்ற குறிப்பே முதற்கருவியாகும்.

இலை ஏன் உதிர்கிறது என்பதை அறியப் பயிரியலார் மரத்தடியை விட்டு ஆய்வுக்கூடத்துக்குள் சென்றனர். இலைக்காம்பு கிளையோடு சேருமிடத்தில் மெல்லிய ஓர் உயிரணு அடுக்கு உண்டு. இலை மூப்படையும்போது பச்சையம் சிதைந்து, அதிலிருந்த தழைச்சத்தை மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. மஞ்சள் நிறம் வெளிப்படுகிறது. அதன் பின் அவ்வடுக்கு தளர்ந்து, இலை தன் பாரத்தாலேயே கழன்று விழுகிறது. தளர்வை விரைவாக்குவது எத்திலீன் என்னும் வாயு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குக் குழாய் கசிந்த இடங்களில் மரங்கள் காலமல்லாக் காலத்தில் இலையுதிர்த்ததைக் கண்டு மக்கள் திகைத்தனர். அக்கசிவில் செடிகளைத் தாக்கும் பொருள் எத்திலீனே என்று 1901இல் உருசிய அறிஞர் நெல்யுபோவ் காட்டினார்.

இதே வாயு மலாயாத் தோட்டங்களில் வேறொரு வேடத்தில் நுழைந்தது. 1968இல் ஆபிரகாம், வைச்சர்லி, பாக்கியநாதன் ஆகிய மூவரும் ரப்பர் ஆய்வுக்கழக இதழில் வெளியிட்ட கட்டுரை, எத்திலீனை வெளிவிடும் 'எத்ரல்' என்னும் மருந்தை வெட்டுப்பட்டையில் பூசினால் பால் நெடுநேரம் வடியும் என்று அறிவித்தது. இலையைக் கழற்றிவிடும் வாயுவே பாலையும் பெருக்கிவிடும் என்பது வியப்பான செய்தி. 1970களில் இம்மருந்து தோட்டந்தோறும் பரவியது. இலை உதிரும், தளிர்க்கும் காலத்தில் இதனைப் பூசலாகாது என்ற விதியும் உடன் வந்தது. பூசிய மரத்தில் வாளி நிரம்பியது. அளவு மீறிய மரத்தில் பட்டை வறண்டு பால் அடியோடு நின்றது.

இனி எஞ்சியது பழைய கேள்வி. மரத்துக்குத் தை மாதம் வந்துவிட்டதென்று சொல்வது யார்? இங்கிலாந்தில் கோடைப்பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் பல மணி நேர வேறுபாடு உண்டு. மரம் அதனை உணர்வதில் வியப்பில்லை. கெடாவிலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் 40 நிமிடமே வேறுபாடு. வறட்சியே காரணம் என்று நீண்டகாலம் கருதப்பட்டது. ஆனால் மழை முந்தினாலும் பிந்தினாலும் தளிர்ப்பு அவ்வளவாக நகர்வதில்லை என்பது ஐயத்தை எழுப்பியது. 2005இல் போர்ச்செர்ட் என்பாரும் தோழர்களும், நிலநடுக்கோட்டருகே கதிரவன் தோன்றும், மறையும் நேரங்களில் நிகழும் நுண்ணிய மாற்றத்தை மரங்கள் உணர்கின்றன என்றனர். மலேசிய ரப்பர் வாரியத்தின் ஆய்வாளர் யாங் ஹூங் யீட் 2007இல் இதனை மறுத்து, பால்மரம் ஒருங்கே பூப்பதற்குக் காரணம் கதிரொளியின் கடுமையே என வாதிட்டார். இரவும் பகலும் சமமாகும் மார்ச்சு, செப்டம்பர் நாட்களையொட்டி நிலநடுக்கோட்டுப் பகுதியில் ஒளி உச்சமடைகிறது. பூப்பும் அவ்விரு காலங்களையே சுற்றி வருகிறது. சீனத்து யுன்னான் மலைப்பகுதியில் ஆராய்ந்தோர் 2008இல், மழைக்குக் காத்திராமல் மார்ச்சுச் சமநாளையொட்டிப் பால்மரம் தளிர்த்து, அடிமண்ணின் நீரை உறிஞ்சத் தொடங்குவதைக் காட்டினர். வழக்கு இன்னும் முடியவில்லை.

1972இல் முதல் லாண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்ட பின், இலையைப் பார்க்க வானத்திலும் ஒரு கண் கிடைத்தது. பச்சை இலை சிவப்பொளியை விழுங்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பொளியைத் திருப்பியனுப்பும். மொட்டை மரம் அவ்வாறு செய்யாது. இவ்விரண்டின் விகிதத்தைக் கணக்கிட்டால் தோப்பு எந்த வாரம் வெறுமையாயிற்று, எந்த வாரம் தழைத்தது என்பது தெரியும். காட்டையும் பால்மரத் தோப்பையும் படத்தில் பிரித்தறிய முடியாமல் திணறிய ஆய்வாளர்க்கு இலையுதிர்வே அடையாளமாகக் கைகொடுத்தது. சுற்றியுள்ள காடு பசுமையாக இருக்க, ஓரிரு வாரம் மட்டும் மொட்டையாவது எதுவோ அதுவே பால்மரம். இந்தியாவில் 2010 முதல் நடைபெறும் 'சீசன்வாட்ச்' திட்டத்தில் பள்ளி மாணவர் வாரந்தோறும் தத்தம் மரத்தைப் பார்த்துக் குறித்து அனுப்புகின்றனர். மார்ஷாம் செய்ததே இது, ஆள்தான் பெருகியுள்ளது.

கெடாவில் அவ்வாறு எண்ணிட்டுக் குறித்தவர் யார் என்று கேட்டால் விடை சற்று எதிர்பாராதது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தீம்பாரிலும், ஒவ்வொரு வெட்டுக்காரரும் கொண்டுவந்த பாலைக் கிராணியார் நிறுத்துப் புத்தகத்தில் எழுதினார். எழுதப்பட்டது கூலிக்காக. ஆயினும் பால் குறையத் தொடங்கிய நாள், அடிமட்டத்தைத் தொட்ட நாள், மீண்ட நாள் மூன்றும் அவ்வெண்களுக்குள் கிடக்கின்றன. அவை மரம் இலை மாற்றிய நாட்களின் நிழலே. மார்ஷாம் குடும்பம் சில மரங்களுக்கு வைத்த கணக்கைக் கெடாவின் தொழிலாளர் பல இலட்சம் மரங்களுக்கு வைத்திருக்கின்றனர். பார்த்தவர் பெயரும் அதே பக்கத்தில் இருக்கிறது. இதனை இலையுதிர்வு ஆவணமாகக் கருதித் தொகுப்பது தகும்.

ஆனால் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பல செம்பனைக்கு மாறின. செம்பனை ஒருங்கே இலையுதிர்ப்பதில்லை. சுங்கைப்பட்டாணியைச் சுற்றிய தோப்புகள் வீடமைப்புப் பகுதிகளாயின. கூலிமில் 1996இல் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்ட அலுவலகம் மூடப்படும்போது நிறுவைப் புத்தகங்களைக் காப்பவர் அரியர். கறையானும் பழைய காகித வணிகரும் அவற்றின் இறுதி வாசகராயினர்.

அப்புத்தகங்கள் இன்று தேவைப்படுகின்றன. 2016இல் சுமத்திராவிலும் 2017இல் மலேசியாவிலும் பெஸ்டலோடியோப்சிஸ் என்னும் பூஞ்சணத்தால் புதியதோர் இலையுதிர்வு தோன்றியது. வட்டப் புள்ளிகள் விழுந்து முற்றிய இலைகளும் உதிர்கின்றன. பருவத்துக்குப் புறம்பாக, ஓராண்டில் பன்முறையும் உதிர்கின்றன. நோயால் விழுந்தது எவ்வளவு, பருவத்தால் விழுந்தது எவ்வளவு என்று பிரிக்க வேண்டுமானால், நோய் வருமுன் அந்தத் தோப்பு எந்த வாரம் இலை மாற்றியது என்று தெரிய வேண்டும். தட்பவெப்பம் மாறிவரும் நிலையில் உதிர்வு முந்துகிறதா, பிந்துகிறதா என்று கூறவும் அதே பழைய நாட்களே அளவுகோலாக வேண்டும்.

பாலிங் பக்கத்திலும் சிக் பக்கத்திலும் சிறுதோட்டக்காரர் இன்னும் பால்மரம் வெட்டுகின்றனர். விலை வீழ்ந்த ஆண்டுகளில் மரத்தை அப்படியே விட்டுவிட்டு வேறு வேலைக்குச் செல்வோரும் உளர். அவ்வாண்டுகளுக்கு நிறுவையும் இல்லை, குறிப்பும் இல்லை. தோட்டத்தில் வெட்டி ஓய்ந்த முதியோர் தாமான் வீடுகளின் முன்வாசலில் அமர்ந்து, எந்த ஆண்டு பொங்கலுக்கு முன்னரே இலை கொட்டியது, எந்த ஆண்டு பங்குனி வரை இழுத்தது என்பதை, பிள்ளை பிறந்த ஆண்டையோ கடன் பெருகிய ஆண்டையோ சார்த்தி இன்றும் சொல்லுகின்றனர்.